நல்ல மண் கேட்டவள்

அந்தக் களிமண் கட்டி என் மேசைக்கு ஒரு ஜவுளிக்கடை கவரில் வந்தது. கவரின் மேல் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைக் கொண்டுவந்து பொத்தென்று வைத்த பெண் சிரிக்கவில்லை. அவரை நாங்கள் அடிபம்பு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். “இன்னா மண்ணும்மா இது? எங்க ஊட்டு கறிவேப்பிலை செடியே கருகிப்போச்சு” என்றார். ஐப்பசி மழை அப்போதுதான் சற்று ஓய்ந்திருந்தது. கரண்ட் இல்லை. கழுவாத பாட்டில்கள் தொட்டி நிறையக் கிடந்தன. இந்த நேரத்தில் செடிப் பஞ்சாயத்து வேறா என்று எனக்கு எரிச்சலாக வந்தது உண்மை. என் வேலை வாழ்க்கையிலேயே முக்கியமான சாம்பிள் அதுதான் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அவரையும் அந்த மண்ணோடு சேர்த்து வெளியே அனுப்பியிருப்பேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே மூன்று அறைகளில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. கெட்டுப்போன நிலத்தடி நீரைச் சோதிப்பதும், முடிந்தால் சரிசெய்வதும் எங்கள் தொழில். நான் வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி, ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்து சேர்வேன். வேதியியல் முதுகலையில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் என்பதால், பூமிக்கு அடியில் நடப்பதெல்லாம் கண்ணாடிக் குடுவையில் நடப்பதைப் போலத்தான் நடக்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு. மேனேஜர் என்னை “புஸ்தகம்” என்று கிண்டல் செய்வார். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, தொழிற்பேட்டையின் பின்மதிலுக்கும் காயலுக்கும் நடுவில் நாற்பது, ஐம்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருந்தது. ஒரு காலத்தில் அங்கிருந்தவர்கள் நாற்று நட்டார்கள். நான் போன காலத்தில் எல்லாரும் ஏதாவது ஒரு கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் ஒரு திரவம் பல வருடங்களாகத் தொட்டியிலிருந்து கசிந்து மண்ணுக்குள் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியிருப்பின் அடிபம்பு வரை வந்துவிட்டது. பம்பின் கைப்பிடியைக் கழற்றி, தூணில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள். பம்பை ஒட்டிய வீடு அந்த அக்காவுடையது. கணவர் தடாவில் லோடு வேலை, வாரம் ஒருமுறை வருவார். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அக்காவுக்கு, ஏற்றுமதிச் சரக்குக்குப் பெட்டி கட்டும் கம்பெனியில் காலை ஷிப்டு.

சிக்கல் அந்த ஷிப்டில்தான். பம்பு மூடியதும் தண்ணீர் லாரி வர ஆரம்பித்தது. லாரி வருவது ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும். கம்பெனி வேன் புதுவாயலில் புறப்படுவது ஏழுக்கு. குடத்தோடு பெரியவர்கள் நின்றால்தான் லாரிக்காரர் தண்ணீர் விடுவார். குழந்தையை நிறுத்தினால் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அக்கா வேனைத் தவறவிட்டுவிட்டு பஸ்ஸில் ஓடினார். சூப்பர்வைசர் எச்சரித்தார். கடைசியில், மதிய ஷிப்டில் ஓர் இடம் காலியாகிறது, வேண்டுமானால் மாறிக்கொள், இல்லையென்றால் நேரத்துக்கு வா என்று சொல்லிவிட்டார். மாறிக்கொள்ளலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் நாங்கள் அங்கே போய் இறங்கினோம்.

எங்கள் மருந்து பர்மாங்கனேட். கிணற்றில் கிருமி சாக ஒரு சிட்டிகை போடுவார்களே, தண்ணீரைக் கத்தரிப்பூ நிறமாக்கும் அதே உப்பு. அதைக் கரைத்துக் குழாய் வழியாக மண்ணுக்குள் செலுத்தினால், அந்தத் திரவத்தின் மூலக்கூறுகளைப் பிடித்து உடைத்து ஒன்றுமில்லாததாக்கிவிடும். எவ்வளவு மருந்து வேண்டும் என்பதற்கு முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். மருந்துக்கு விஷம் மட்டும் இரையல்ல. மண்ணிலும் சில பொருட்கள் அதைத் தின்னும். இது புத்தகத்தில் இருந்தது. நான் படித்தும் இருந்தேன். ஆகவே துளை போட்டு மண் எடுக்க போர் மேஸ்திரியை அமர்த்தினோம். பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி தெலுங்கு, யாரைப் பார்த்தாலும் நைனாதான். முதல் நாள் காலை நான் போனில் அவரிடம் சொன்ன ஒரே வாக்கியம் இன்றும் ஞாபகம் இருக்கிறது: “மேஸ்திரி, நல்ல மண்ணா பாத்து எடுத்து அனுப்புங்க.”

அவர் நல்ல மண்ணாகவே பார்த்து அனுப்பினார். போர் போடுகிறவருக்கு நல்ல மண் என்றால் தண்ணீர் கொடுக்கிற மண்: பருமனாக, மஞ்சளாக, கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்கிற மணல். இருபது பைகளும் அப்படித்தான் வந்தன. அழகாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பாட்டிலில் மணலைப் போட்டு ஊதாத் தண்ணீரை ஊற்றிவைத்தேன். ஒரு வாரம் ஆகியும் நிறம் அப்படியே நின்றது. மண்ணுக்குப் பசியே இல்லை, மருந்தெல்லாம் விஷத்துக்குத்தான் போகும் என்று கணக்குப் போட்டேன். நான்கு மாதத்தில் பம்பைத் திறக்கலாம் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். துளைக் குழாய்கள் பதிக்கும் வேலையைப் பார்க்கப் போனபோது, வேலியோரம் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்ட அக்காவிடம் நானாகவே வாய் விட்டேன். “கிறிஸ்துமஸுக்கு உங்க பம்பு தண்ணியிலயே பலகார மாவு பிசையலாங்கா” என்றேன். அவர் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். நான்கு மாதம் என்றால் எப்படியாவது தள்ளிவிடலாம் என்றார். மறுநாள் மதிய ஷிப்டு வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. இதை அவர் என்னிடம் சந்தோஷமாகத்தான் சொன்னார். நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

மதில் ஓரத்தில் மருந்தைச் செலுத்தினோம். அங்கிருந்து பம்பு வரை வரிசையாக மூன்று கவனிப்புக் குழாய்கள். ஊதா நிறம் ஒவ்வொரு குழாயாகக் கடந்து பம்பை நோக்கி நகரும் என்பது என் வரைபடம். முதல் குழாயில் நான்காம் நாள் நிறம் வந்தது. நான் குதிக்காத குறை. பத்தாம் நாள் அது வெளுத்தது. அப்புறம் டீத்தண்ணி நிறம். அப்புறம் வெறும் தண்ணீர். இரண்டாவது குழாய்க்கு நிறம் வரவேயில்லை. மறுபடி செலுத்தினோம், மறுபடியும் அதே கதை. என் விரல்கள் எல்லாம் பாக்குக் கறை பிடித்து, வீட்டில் அம்மா தட்டைத் தனியாக வைக்கிற அளவுக்குப் போனது. வேலை முடிந்து திரும்பும் அக்கா தினமும் சீருடையோடு வந்து குழாயை எட்டிப் பார்ப்பார். “கலர் வந்துச்சாம்மா?” வரவில்லை என்பேன். ஒருநாள் மூன்று குழாய்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உன் மருந்த நடுவுல யாரோ குடிச்சிக்கினு கீறாங்க.” நான் சிரித்தேன். அவர் சொன்னதைவிடச் சரியாக அதை இன்றுவரை எந்த அறிக்கையிலும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

குடித்தது யார் என்பது அந்த ஜவுளிக்கடை கவரில்தான் இருந்தது. துளை போட்டபோது மேஸ்திரி ஒதுக்கித் தள்ளிய மண்ணைத் தன் முற்றத்தை மேடாக்க அக்கா கேட்டு வாங்கியிருக்கிறார். மழைக்குத் தண்ணீர் உள்ளே ஏறும் வீடு அது. கொட்டும்போது கரிய களியாக, அழுகின முட்டை நாற்றத்தோடு இருந்ததாம். இரண்டு மாதத்தில் மேலெல்லாம் துருப்பிடித்த நிறம், அங்கங்கே மஞ்சள் திட்டு. அதன்மேல் நடந்த குழந்தையின் கால் அரித்தது. கறிவேப்பிலை வேரோடு கருகியது. மண்ணுக்குத் துருப்பிடிக்குமா என்று அவர் கேட்டார். என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. கட்டியை உடைத்தேன். வெளியே மஞ்சள், உள்ளே கருப்பு. ஈரத் துணுக்கில் சோதனைத் தாளை வைத்தால் எலுமிச்சைச் சாறு பட்டதுபோல் சிவந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது கருப்புக்குள் பித்தளைப் பொடி தூவியதுபோல் ஏதோ மினுங்கியது.

ஒரு குடுவையில் ஊதாத் தண்ணீர் எடுத்து, அந்தக் கருப்பில் ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளிப் போட்டேன். கீழே டீ சொல்லிவிட்டு வந்து பார்க்கிறேன், நிறத்தைக் காணோம். இன்னும் ஊற்றினேன், அதுவும் போயிற்று. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீ ஆறிப்போனது. நாங்கள் இருவரும் நிறம் சாவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் அவர் “இன்னொரு வாட்டி ஊத்து” என்பார், நான் ஊற்றுவேன். சின்ன வயதில்கூட நான் அவ்வளவு ஆசையாக ஒன்றைப் பார்த்ததில்லை. அந்த ஆசைக்கு நடுவில்தான் நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை நினைவுக்கு வந்தது.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அந்தக் கருப்புக் களி எத்தனை இடத்தில் வந்தது என்று கேட்டேன். மதிலுக்கு வெளியே போட்ட எல்லாத் துளையிலும் வந்தது என்றார். மணலுக்கு நடுவே விரல் கனத்தில், சில இடத்தில் இரண்டு ஜாண் கனத்தில், பட்டை பட்டையாக. பின் ஏன் அனுப்பவில்லை என்று என் குரல் உயர்ந்தது. அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. “நல்ல மண்ணு வேணும்னு நீதானேம்மா கேட்ட? அந்த நாத்தக் களிய எந்த நைனா நல்ல மண்ணுன்னு சொல்லுவான்?” என்றார்.

அடுத்த மூன்று வாரங்கள் ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தேன். மினுங்கியது இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம். கடலும் காயலும் அந்த இடத்தில் தங்கியிருந்த காலத்தில், காற்றே படாத சேற்றில் உண்டானது. காற்றுப் பட்டால் துருவும் புளிப்புமாக மாறும். அக்காவின் முற்றத்தில் நடந்தது அதுதான். காற்றுக்குப் பதில் என் மருந்து பட்டாலும் அதையே செய்யும். மருந்துக்கு எது விஷம், எது மண் என்று தெரியாது; வழியில் எது பசியோடு நிற்கிறதோ அதற்குத் தன்னைக் கொடுத்துவிடும். விஷம் தண்ணீரில் துளித்துளியாக இருந்தது, களியோ வண்டி வண்டியாக இருந்தது. சாலைக்கு மேற்கே இருக்கும் செம்மண்ணை எடுத்துச் சோதித்தேன். அதிலும் இரும்பு நிறைய, ஆனால் ஏற்கெனவே துருவாகிவிட்ட இரும்பு; அது பர்மாங்கனேட்டைச் சீண்டவேயில்லை. சரி, மருந்தை மாற்றலாம் என்று மேனேஜர் பெராக்சைடு வாங்கித் தந்தார். களி அதையும் குடித்தது. போதாததற்கு, இப்போது அந்தச் செம்மண்ணும் எதிரியானது: ஊற்றியதும் சோடாவைப் போல நுரைத்துப் பொங்கி, விஷத்தைத் தொடுவதற்குள் மருந்து வீணாயிற்று. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு மண் பகை. கையெழுத்துப் போட்ட அறிக்கை உறுத்தாமல் இருந்திருந்தால், என் வாழ்வின் இனிய வாரங்கள் என்று அவற்றைச் சொல்லியிருப்பேன்.

உண்மைக் கணக்கு வந்தது. அந்தக் களியின் பசி தீரும் வரை மருந்து ஊற்றுவது நடக்கிற காரியமில்லை. ஊற்றினாலும் ஆபத்து: குடுவையில் களி முழுக்கத் துருவான பின் அந்தத் தண்ணீரைச் சோதித்தால், அதுவரை களிக்குள் அடங்கிக் கிடந்த வேறு உலோகங்கள் தண்ணீரில் இறங்கியிருந்தன. தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே, களியில்லாத மணலில் மட்டும் மருந்து வேலை செய்யும். பம்பு கிறிஸ்துமஸுக்குத் திறக்காது. பல வருடத்துக்குத் திறக்காது.

மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மழையால் தாமதம் என்று எழுதிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அது ஒரேயடியாகப் பொய்யும் இல்லை. மழை பெய்துகொண்டுதான் இருந்தது. அக்காவிடமும் அதையே சொல்லலாம் என்றுதான் கிளம்பிப் போனேன். வாசலில் அவர் துருப்பிடித்த மண்ணை வழித்து ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தார். மழை என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் வரவில்லை. நல்ல மண் கேட்ட கதையைச் சொன்னேன். கணக்குத் தப்பு, தப்பு என்னுடையது, பம்பு திறக்காது என்றேன்.

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். “உன் பேச்ச நம்பி மதிய ஷிப்ட்ட உட்டுட்டேனேம்மா” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. பிறகு அவர் கேட்டது வேறொன்று. நான்கு மாதத்தில் பம்பு திறந்துவிடும் என்று காகிதத்தில் இருக்கும்வரை, குடியிருப்புக்கு யாராவது குடிநீர்க் குழாய் போடுவார்களா? போட மாட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பஞ்சாயத்தில் குழாய் கேட்டுப் போனவர்களை என் அறிக்கையைக் காட்டியே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

நான் அறிக்கையைத் திருத்தி எழுதினேன். மேனேஜர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானும் கையெழுத்துப் போட்டார். டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பஞ்சாயத்து அலுவலகத்தில் அதிகாரிகள் கூட்டம் வைத்தார்கள். தொழிற்சாலைத் தரப்பில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் எழுந்து மண்ணைப் பற்றியும் என் தவறைப் பற்றியும் சொல்லி முடித்தேன். முதலில் ஒன்று சொன்னவர் இப்போது வேறொன்று சொல்கிறார், எதை நம்புவது என்று தொழிற்சாலைக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். சீருடைக்கு மேல் துப்பட்டா போட்டிருந்தார்.

“மொதல்ல சொன்னது தப்பு. இப்ப சொல்றது நெசம். அந்த களி மருந்து குடிக்கிறத என் கண்ணால பாத்தேன் சார். வேணும்னா எங்க ஊட்டாண்ட வாங்க, நீங்களும் ஊத்திப் பாருங்க. பம்பு தெறக்காது. பைப்பு போடுங்க.” சொல்லிவிட்டு உட்காரவில்லை, அதிகாரி எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

கூட்டம் முடிந்து மெயின் ரோடு வரை சேர்ந்து நடந்தோம். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. இன்று எந்த ஷிப்டு என்று சும்மாதான் கேட்டேன். ஷிப்டு காலையிலேயே போயிற்று என்றார். போன வாரத்தோடு எச்சரிக்கை எல்லாம் முடிந்துவிட்டது, இன்னொரு நாள் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம். தெரிந்தேவா வந்தீர்கள் என்று கேட்டேன். சாலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: “நீ ஒத்தையா நின்னுக்கினு என் தப்புன்னு சொன்னா, உன் தப்ப மட்டும் எழுதிக்கினு போயிடுவாங்க. பைப்ப எழுத மாட்டாங்க.”

இப்போது நான் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் மண்ணை ஒரே நீளமாக, எதையும் ஒதுக்காமல், குழாயோடு கொண்டுவருகிறார்கள். நாற்றமடிக்கும் பகுதியைத்தான் முதலில் திறக்கிறோம். கருப்புக் களி, செம்மண், கிளிஞ்சல் மண் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சோதனை, தனித்தனிக் கணக்கு. இளைஞர்கள் அதை ரொம்பச் சாதாரணமாகச் செய்கிறார்கள். ஒரு மண் எதைத் தின்னும், எதை விடும் என்று கேட்கும் ஆசை எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ஒரு தேதியைச் சொல்லும்படி யாராவது கேட்டால் மட்டும், அது யாருடைய ஷிப்டு என்று மனதுக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

குழாய் வர அடுத்த வருடம் ஆடி மாதம் ஆனது. அக்காதான் எனக்குப் போன் செய்தார். நான் எடுத்ததும் முதலில் கேட்டது வேலையைப் பற்றி. அந்தக் கம்பெனியிலோ வேறெங்காவதோ கிடைத்ததா என்று. “அத்த வுடு, மொதல்ல இத்த கேளு” என்று சொல்லி, போனைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குடம் நிரம்பும் வரை பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் திரும்பப் பேசியபோது, வேலையைப் பற்றி மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.